கோர்ட் படிவம் நிரப்பித் தருவதைத் தொழிலாகச் செய்யலாமா? கலிஃபோர்னியா எல்.டி.ஏ. பதிவு, பாண்ட் பற்றிக் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் வக்கீல் வைக்காமல் தானே வழக்கு நடத்துபவருக்குக் காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவரை ‘லீகல் டாக்குமென்ட் அசிஸ்டன்ட்’ என்பார்கள், சுருக்கமாக எல்.டி.ஏ. 2000 ஜனவரி முதல் இவர்கள் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க்கிடம் பதிவு செய்து, பாண்டும் கட்டியாக வேண்டும். பாண்ட் என்பது வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம். வக்கீல் அலுவலகத்தில் அவர் மேற்பார்வையில் சட்ட வேலை பார்க்கும் பாராலீகலாக இருந்துவிட்டு, இப்போது அலமீடா கவுண்ட்டியில் எல்.டி.ஏ. ஆகத் தொழில் செய்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை என்பதை எழுத்தில் போடச் சொல்கிறது சட்டம், போட்டாயிற்று.

அக்கா, நான் ஊரில் பி.காம். முடித்தவள். ஃப்ரீமாண்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் மூன்று வருஷமாக வேலை செய்கிறேன். எல்.டி.ஏ. ஆகத் தகுதி உண்டா? எவ்வளவு செலவாகும்?

உண்டு. பரீட்சை எதுவும் கிடையாது. பள்ளிப் படிப்பு முடித்து, வக்கீலின் மேற்பார்வையில் இரண்டு வருஷம் சட்டம் சார்ந்த வேலை பார்த்திருந்தால் போதும். ஏதாவதொரு இளநிலைப் பட்டம் இருந்தால் ஒரு வருஷம் போதும். அனுபவமே இல்லாதவர்கள் முறையான பாராலீகல் படிப்பை முடித்த சான்றிதழோடு வரலாம். உங்களுக்கு மூன்று வருஷம் இருப்பதால், பி.காம். பட்டத்தை இங்கே எப்படி மதிப்பிடுவார்கள் என்ற கவலைகூட வேண்டாம், அனுபவமே காப்பாற்றிவிடும். வேலையை விடுமுன், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று உங்கள் வக்கீலிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். விலகிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

பதிவுக் கட்டணம் 175 டாலர், அடையாள அட்டைக்கு 10 டாலர். பாண்ட் தனி.

பாண்ட் 25,000 டாலர் என்கிறார்களே, அவ்வளவு பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டுமா?

இல்லை. உத்தரவாதம் தரும் ஷூரிட்டி கம்பெனியிடம் பாண்ட் எடுக்கிறீர்கள். அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை மட்டும் பிரீமியமாகக் கட்டுகிறீர்கள். உங்கள் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து அது கூடும், குறையும். முழுத் தொகையையும் ரொக்கமாக டெபாசிட் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் செய்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

25,000 என்பது தனி ஆளுக்கு. கம்பெனியாகப் பதிவு செய்தால் அசிஸ்டன்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது: நாலு பேர் வரை அதே 25,000, ஐந்து முதல் ஒன்பது பேர் என்றால் 50,000, பத்தும் அதற்கு மேலும் என்றால் 1,00,000.

அப்படியானால் இது ஒரு வகை இன்ஷூரன்ஸ்தானே? தப்பு நடந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் வேலையால் ஒரு வாடிக்கையாளருக்கு நஷ்டம், கோர்ட் அவருக்கு 8,000 டாலர் தீர்ப்பு கொடுக்கிறது, நீங்கள் கட்டவில்லை என்று வையுங்கள். ஷூரிட்டி கம்பெனி கட்டும். அப்புறம் அந்த 8,000 டாலரை உங்களிடமே வந்து கேட்கும். பாண்ட் எடுக்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பாண்டில் குறைந்த தொகையை மறுபடி நிரப்பாவிட்டால் பதிவும் போய்விடும். உங்களுக்கே பாதுகாப்பு வேண்டுமென்றால் தொழில்முறைத் தவறுகளுக்கான இன்ஷூரன்ஸ் தனியாக இருக்கிறது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. நான் எடுத்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவு இரண்டு வருஷம் செல்லும், அல்லது பாண்ட் முடியும் நாள் வரை. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒருவர் பாண்டை ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்திருந்தார். புதுப்பிக்க மறந்தார். சுவரில் சான்றிதழைத் தொங்கவிட்டபடியே மாதக்கணக்கில் பதிவில்லாமல் தொழில் செய்திருக்கிறார். பாண்டையும் இரண்டு வருஷத்துக்கே எடுங்கள்.

எனக்கு ஆபீஸ் ஃப்ரீமாண்ட்டில். சான் ஹோசே ஆட்களுக்கும் வேலை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுண்ட்டியிலும் இரண்டாம் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் மறுபடியும் உண்டு. பாண்ட் மட்டும் ஒன்றே போதும். அது இருப்பதற்கான அத்தாட்சியைக் காட்டினால் சரி.

பதிவு செய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது? எல்லாருமே ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ என்றுதான் கேட்கிறார்கள்.

பணம் கட்டி அட்டை வாங்குவது ஒரு வாரத்து வேலை. தொழில் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

விவாகரத்து மனுவான எஃப்.எல்-100 படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கட்டங்கள்: விவாகரத்தா, சட்டப்படி பிரிந்து வாழ்வதா, திருமணமே செல்லாது என்பதா? எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா பேனாவை என் பக்கம் நகர்த்தி, “நீயே பார்த்து டிக் பண்ணும்மா” என்பார். பண்ணக் கூடாது. எது உங்களுக்கு நல்லது என்று சொல்லக் கூடாது. எந்தப் படிவம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கூடக் கொடுக்கக் கூடாது. உரிமை, தீர்வு, எதிர்வாதம், உத்தி, படிவத் தேர்வு என எதைப் பற்றியும் ஆலோசனையோ விளக்கமோ கருத்தோ சிபாரிசோ தரக் கூடாது என்று சட்டத்தில் வரிசையாகவே போட்டிருக்கிறார்கள்.

அப்போது என்னதான் செய்யலாம்? வக்கீல் எழுதிய அல்லது ஒப்புதல் கொடுத்த, அச்சிட்ட தகவல் தாளைக் கையில் கொடுக்கலாம். மூன்று கட்டங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் இருக்கும். அவர் படித்துவிட்டு “விவாகரத்து” என்றால் டைப் அடிக்கலாம். அவர் சொன்னபடி கோர்ட்டில் தாக்கல் செய்யலாம், எதிர்த்தரப்புக்குச் சார்வு செய்யலாம், அதாவது வழக்குத் தாள்களை முறைப்படி கொண்டு சேர்க்கலாம். அவ்வளவுதான் எல்லை.

ஆனால் பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற பகுதி வரும்போது அந்தத் தகவல் தாளும் கை கொடுக்காது. அந்த அம்மா அழுவார். “உன் தங்கைக்கு இப்படி நடந்தா என்ன சொல்லுவ?” என்று கேட்பார். எனக்குத் தெரிந்த பதில் நாக்கு நுனியில் இருக்கும். அந்த இடத்தில் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, இதற்கு வக்கீல் வேண்டும் என்று சொல்லி, கோர்ட்டிலேயே இருக்கும் செல்ஃப் ஹெல்ப் சென்டர் முகவரியை எழுதிக் கொடுத்துவிடுவேன். அங்கே உதவி இலவசம். இதனால் சில வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்கள்தான். தேவை நம் எல்லையைத் தாண்டினால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் சட்டம். இதையெல்லாம் மீறினால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 1,000 முதல் 2,000 டாலர் வரை அபராதம், அல்லது ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

காசு வாங்காமல் தெரிந்தவர்களுக்குச் செய்தால்?

காசு வாங்காவிட்டால் எல்.டி.ஏ. பதிவு தேவையில்லை. ஆனால் வக்கீல் அல்லாதவர் வக்கீல் வேலை பார்க்கக் கூடாது என்ற தடை இலவசத்துக்கும் சேர்த்துத்தான். மாமாவுக்கு டைப் அடித்துக் கொடுங்கள், வழக்கை நடத்தாதீர்கள்.

ஒருவர் ‘தமிழ் பாராலீகல் சர்வீஸ், குறைந்த கட்டணம்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடுகிறார். இது சரியா?

வக்கீலின் கீழ் வேலை செய்யாமல் அப்படிப் போட்டிருந்தால் தப்பு. கலிஃபோர்னியாவில் பாராலீகல் என்றால் வக்கீலின் மேற்பார்வையில் வேலை செய்பவர். அவருக்குப் பதிவும் இல்லை, பாண்டும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் சட்ட நெறி, நான்கு மணி நேரம் சட்டம் என்று வகுப்பு உண்டு. பொதுமக்களுக்கு நேரடியாகச் சேவை விற்க முடியாது.

எல்.டி.ஏ. விளம்பரத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், முடியும் தேதி, எந்தக் கவுண்ட்டி எல்லாம் இருக்க வேண்டும். ‘நான் வக்கீல் இல்லை’ என்ற வரியும் வேண்டும். விசிட்டிங் கார்டு, ரசீது, தயாரிக்கும் ஒவ்வொரு தாளிலும் பதிவு விவரம் வர வேண்டும். வாட்ஸ்அப் விளம்பரமும் விளம்பரம்தான்.

ஒப்பந்தம் இங்கிலீஷில் போட்டால் போதாதா? பேசுவதெல்லாம் தமிழில்தான்.

பேசி முடிப்பது தமிழில் என்பதால்தான் போதாது. வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்; பேரம் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலும் அது இருக்க வேண்டும்; மொழிபெயர்ப்பது நம் பொறுப்பு. ஸ்பானிஷுக்கு ஆயத்த நகல்கள் தாராளமாகக் கிடைக்கும். தமிழுக்கு நாமே உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். கையெழுத்துப் போட்ட 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் ரத்து செய்யலாம். அதனால் அன்றைக்கே ஓடிப்போய்த் தாக்கல் செய்யாமல் ஒரு நாள் பொறுப்பது என் வழக்கம்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த வழக்குக்குப் பதில் போட்டுத் தரலாமா?

அதற்குத் தனிப் பெயரே உண்டு: அன்லாஃபுல் டிடெய்னர் அசிஸ்டன்ட். தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வாடகைதாரர் பதில் போடும் யு.டி-105 படிவத்திலேயே, காசு வாங்கிக்கொண்டு யாராவது உதவினார்களா, அவர் பெயர், பதிவு எண், முடியும் தேதி என்ன என்று கேட்டிருப்பார்கள். பதிவில்லாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். பதில் போட முன்பு ஐந்து நாள்தான் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து பத்துக் கோர்ட் வேலை நாள்.

சார்வு செய்வதை மட்டும் பகுதி நேரமாகச் செய்யலாமா?

கட்டணம் வாங்கி வருஷத்துக்குப் பத்துக்கு மேல் செய்தால் பிராசஸ் சர்வராகப் பதிவு செய்ய வேண்டும். பாண்ட் 2,000 டாலர்தான். விரல் ரேகை எடுப்பார்கள். பத்துக்குள் என்றால் வேண்டாம். வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயது நிறைந்த யாரும் சார்வு செய்யலாம்.

கோயிலுக்கு வருகிறவர்கள் கிரீன் கார்டு படிவம் நிரப்பித் தரச் சொல்கிறார்கள். எல்.டி.ஏ. பதிவு அதற்குப் போதுமா?

போதாது. அது இமிக்ரேஷன் கன்சல்டன்ட் என்ற வேறு வகை. மாநிலச் செயலரிடம் 1,00,000 டாலர் பாண்ட்; 2014 ஜூலைக்கு முன் அதில் பாதிதான். குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். ஒப்பந்தம் வாடிக்கையாளரின் தாய்மொழியிலும் வேண்டும், ரத்து செய்ய 72 மணி நேரம். இவ்வளவும் செய்த பிறகும் நீங்கள் செய்யக்கூடியது மொழிபெயர்ப்பு, அவர் சொன்ன பதிலை எழுதுவது, ஆவணம் சேகரிப்பது, அனுப்புவது மட்டுமே. எந்த விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல வக்கீலோ மத்திய நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ வேண்டும். என்னைக் கேட்டால் இதைத் தொடவே வேண்டாம். கோர்ட் படிவத்தில் தப்பு வந்தால் பெரும்பாலும் திருத்தித் தாக்கல் செய்யலாம். இதில் ஒரு தப்பு வந்தால் குடும்பமே ஊரைவிட்டுப் போக வேண்டி வரலாம்.

நான் நோட்டரி. தமிழில் விளம்பரம் செய்யலாமா?

செய்யலாம். நோட்டரிக்கு 15,000 டாலர் பாண்ட், நான்கு வருஷம். வேறு மொழியில் விளம்பரம் செய்தால், வக்கீல் இல்லை, சட்ட ஆலோசனை தர முடியாது என்பதையும் கட்டண விவரத்தையும் அதே விளம்பரத்தில் போட வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறேன். பதிவு செய்து வீட்டிலிருந்தே செய்யலாமா?

வேலை செய்ய அனுமதிக்கும் அட்டையான இ.ஏ.டி. கையில் இருந்தால் சுயதொழிலும் செய்யலாம். இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். கவுண்ட்டி கிளார்க் பதிவு கொடுத்துவிட்டார் என்பதால் வேலை செய்யும் உரிமை வந்துவிடாது.

மேடம், நான் சென்னையில் வக்கீலாகப் பிராக்டிஸ் செய்தவன். எல்.டி.ஏ. தொழில் எனக்கு ஒத்துவருமா?

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. வெளிநாட்டில் வக்கீலாகப் பதிவு பெற்றவர்கள், எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு படிக்காமலேயே, வக்கீல் உரிமத்துக்கான கலிஃபோர்னியா பார் பரீட்சை எழுதலாம். பரீட்சை கஷ்டம்தான். ஆனால் வாதாடிப் பழகியவர் எல்.டி.ஏ. நாற்காலியில் வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது அதைவிடக் கஷ்டம்.

எல்.டி.ஏ. என்று சொன்ன ஒருவரிடம் நான் பணம் கட்டி ஆறு மாசம் ஆகிறது. படிவமும் வரவில்லை, என் ஒரிஜினல் திருமணச் சான்றிதழையும் தர மறுக்கிறார். என்ன செய்வது?

ஒரிஜினலைக் கேட்டதும் திருப்பித் தர வேண்டும். பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைக்க முடியாது. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து கவுண்ட்டி கிளார்க் அலுவலகத்தில் அவர் பதிவில் இருக்கிறாரா, பாண்ட் எந்தக் கம்பெனி என்று விசாரியுங்கள். பதிவே இல்லையென்றால் கவுண்ட்டியின் அரசு வழக்கறிஞரான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு மேல் எந்தக் கோர்ட்டில் என்ன கேட்பது என்பதை வக்கீலிடமோ செல்ஃப் ஹெல்ப் சென்டரிலோ கேளுங்கள். அதை நான் சொன்னால் மேலே நான் எழுதியதையே மீறியதாகிவிடும்.

லாஸ் வேகாஸுக்குக் குடி போகிறோம். இந்தப் பதிவு அங்கே செல்லுமா?

செல்லாது. நெவாடாவில் பதிவு மாநிலச் செயலரிடம், பாண்ட் 50,000 டாலர். பக்கத்து அரிசோனாவில் இன்னும் வேறு மாதிரி. அங்கே மாநில உச்ச நீதிமன்றமே சான்று கொடுக்கிறது. எங்கே போனாலும் முதலிலிருந்துதான்.