24 மணி நேர ஸ்டோரியில் பிராண்டை நினைவில் நிறுத்துவது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: மூன்று மாதமாகத் தினமும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி போடுகிறேன். ஃபாலோயர் எண்ணிக்கை அசையவே இல்லையே சார்?

அசையாது. ஸ்டோரியைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்பவர்கள். புது ஆட்களைக் கூட்டிவர ரீல்ஸ் இருக்கிறது. தெரிந்தவர் மறக்காமல் இருக்கத்தான் ஸ்டோரி. வாங்க நினைக்கிற நாளில் உங்கள் பெயர் முதலில் ஞாபகம் வந்தால் அதுவே வெற்றி.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாடிக்கையாளர் தன் ஸ்டோரியில் உங்களை டேக் செய்தால் அவருடைய வட்டமும் உங்களைப் பார்க்கும். அது மறைவதற்குள் உங்கள் ஸ்டோரியிலும் பகிரலாம். ஆகவே பார்சலுக்குள் உங்கள் கணக்கின் பெயரை அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை வையுங்கள். சரியான பெயர் தெரியாமலே டேக் செய்யாமல் விடுகிறவர்கள் நிறைய.

கேள்வி: நான் எழுதும் வரிகள் மேலேயும் கீழேயும் மறைந்துபோகின்றன. அளவு என்ன?

1080 × 1920 பிக்சல், அதாவது 9:16. மேலே 250 பிக்சலில் கணக்கின் பெயர் வந்து உட்காரும், கீழே 340 பிக்சலில் பதில் எழுதும் பெட்டி வரும். எழுத்து, லோகோ, விலை எல்லாம் இடையில் உள்ள 1330 பிக்சலுக்குள் அடங்கட்டும். பின்னணிப் படம் மட்டும் முழுத்திரைக்கும் பரவலாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?

எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். ஒரு விஷயத்துக்கு 3 முதல் 5 திரை (ஒரு திரை என்பது ஒரு படம் அல்லது ஒரு வீடியோ) போதும் என்பது என் கணிப்பு. பலரும் முதல் திரையில் “காலை வணக்கம்” போட்டுவிட்டு நான்காவதில் சரக்கைக் காட்டுகிறார்கள். அதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். முதல் திரையிலேயே பொருளின் முகமும் பிராண்டின் நிறமும் தெரிய வேண்டும். இரண்டாவதில் அது தீர்க்கும் சிக்கல், மூன்றாவதில் செய்முறை அல்லது நெருக்கமான காட்சி, கடைசியில் தொட்டால் உங்கள் பக்கத்துக்குக் கூட்டிப்போகும் லிங்க் ஸ்டிக்கர். படம் சில நொடியே நிற்கும் என்பதால், ஒரு திரையில் 12 சொல்லுக்கு மேல் எழுதினால் படித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிடும். வீடியோவில் பேசினால் சப்டைட்டில் கட்டாயம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: எல்லாத் திரையிலும் லோகோ வைக்கலாமா?

வேண்டாம். கணக்கின் படம் மேலேயே இருக்கிறதே. இரண்டு நிறம், ஒரே எழுத்துரு, இவற்றை ஆறு மாதமாவது மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரைப் படிக்காமலே “இது அவங்கதான்” என்று தெரிவதுதான் இலக்கு.

கேள்வி: வாக்கெடுப்பு ஸ்டிக்கர் வைத்தும் யாரும் தொடுவதில்லை.

“எங்கள் பொருள் பிடித்திருக்கிறதா? ஆம் / இல்லை” மாதிரிக் கேட்டிருப்பீர்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது? “அடுத்த முறை நீலமா, பச்சையா?” என்று கேளுங்கள். மறுநாள் முடிவைச் சொல்லி, வென்ற நிறத்தையே தயாரித்தும் காட்டுங்கள். கேட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த வாக்கெடுப்பை ஒருவரும் தொடமாட்டார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மிகக் குறைவானவர்களே பார்க்கிறார்கள். ஏன்?

நீங்கள் வாடிக்கையாளரின் எண்ணைச் சேமித்திருந்தால் மட்டும் போதாது, அவரும் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். ஆர்டர் உறுதியானதும் “எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புது வரவு ஸ்டேட்டஸில் வரும்” என்று ஒரு வரி அனுப்புங்கள்.

கேள்வி: பலன் இருக்கிறதா என்று எதை வைத்துக் கணிப்பது?

கடைசித் திரையைப் பார்த்தவர்களை முதல் திரையைப் பார்த்தவர்களால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். முதலில் 400, கடைசியில் 240 என்றால் 60 சதவீதம். பிறகு இன்ஸ்டாகிராம் தரும் புள்ளிவிவரப் பகுதியான இன்சைட்ஸில் திரைவாரியாகப் பாருங்கள். அடுத்த திரைக்கு முன்னே தட்டியது பெரிய குறையல்ல, வேகமாகப் படித்திருக்கலாம். அடுத்த கணக்குக்குத் தாவியதும் முற்றாக வெளியேறியதும்தான் எச்சரிக்கை. அவை எந்தத் திரையில் கூடுகின்றனவோ அதை மாற்றுங்கள். பின்னே தட்டி மறுபடி பார்த்தால் அங்கே ஏதோ பிடித்திருக்கிறது, அல்லது எழுத்து பொடியாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது பதில் செய்திகளைத்தான்.

கேள்வி: இவ்வளவு உழைத்தும் ஒரே நாளில் மறைந்துவிடுகிறதே அண்ணா?

அமைப்புகளில் ஸ்டோரி ஆர்க்கைவ் (மறைந்த ஸ்டோரியைச் சேமித்து வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், மறைந்த பிறகும் ஹைலைட்டில், அதாவது உங்கள் கணக்குப் பக்கத்தில் நிலையாக நிற்கும் தொகுப்பில் சேர்க்கலாம். செய்முறை, வாடிக்கையாளர் கருத்து, டெலிவரி விவரம் இவை மட்டும் அங்கே போகட்டும். சலுகை அறிவிப்பைச் சேர்க்காதீர்கள். முடிந்துபோன விலையைப் பார்த்துவிட்டு வந்து கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டிவரும்.