வரப்பு ஓரிடம், படம் ஓரிடம்: ஓய்வு பெற்ற சர்வேயரிடம் சில கேள்விகள்

இருபத்தெட்டு வருடம் சங்கிலியும் டேப்பும் பிடித்துக்கொண்டு காடுமேடெல்லாம் அலைந்தவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் கோர்ட் கமிஷனரோடு போய் அளந்திருக்கிறேன், கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையும் வாங்கியிருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: வணக்கமுங்க. பத்திரத்தில் 2 ஏக்கர் 10 சென்ட் என்று இருக்கிறது. பட்டாவில் 0.81.0 ஹெக்டேர்தான். பத்து சென்ட் எங்கேங்க போச்சு?

ஒரு ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர். அப்படிப் பார்த்தால் உங்கள் 0.81 சரியாக 2 ஏக்கர்தான். பத்து சென்ட், அதாவது 4,356 சதுர அடி, நிஜமாகவே இடிக்கிறது. (இதே கேள்வியைக் கேட்ட இன்னொருவருக்குப் பத்திரத்திலும் 2 ஏக்கர்தான். அவருக்கு ஒன்றும் குறையவில்லை, கணக்கு முறைதான் வேறு.)

பட்டாவை மூடி வைத்துவிட்டு, பத்திரத்தில் சொத்து விவரத்தைப் படியுங்கள். நாலு பக்க எல்லையும் தெளிவாக எழுதி, அந்த எல்லைக்குள் நிலம் அடங்கினால், உள்ளே இருப்பது எவ்வளவோ அதுதான் நீங்கள் வாங்கியது. எல்லையும் அளவும் முட்டிக்கொண்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். அந்தக் காலத்தில் அளந்து எழுதியவர்கள் குறைவு, கண்ணால் பார்த்து ஒரு மதிப்புப் போட்டு ஏக்கரை எழுதிவிடுவார்கள். ஆனால் கிளுவை வேலி எது, பள்ளம் எது என்று யார் கேட்டாலும் காட்டுவார்கள். அதனால்தான் இந்த வழக்கம். இது இரும்புச் சட்டம் இல்லை. "தெற்கே என்னுடைய மீதி நிலம்" என்று எல்லை எழுதியிருந்தால் அந்தக் கோடு எங்கே என்று எல்லையே சொல்லாது, அங்கே அளவுதான் பேசும்.

அடுத்து, மூலப்பத்திரத்திலும் 2.10 தானா என்று பாருங்கள். பிறகு பழைய 'அ' பதிவேட்டின் (ஊரில் ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பும் வகையும் எழுதிய வருவாய்த்துறைக் கணக்கு) நகலை வாங்கிப் பாருங்கள். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) வேலையில் பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றும்போது நிறைய எழுத்துப் பிழை நேர்ந்தது. அப்படியானால் திருத்த மனு. ரோடு அகலப்படுத்தியதில் போயிருந்தால் அது வேறு கதை. இதிலெல்லாம் ஒன்றை மறக்க வேண்டாம்: பட்டா வரி கட்டுவதற்கான கணக்கு. அது கையில் இருப்பதால் மட்டும் நிலம் சொந்தமாகாது, அதில் பத்து சென்ட் விட்டுப்போனதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடவும் செய்யாது.

பல்லடத்திலிருந்து: செல்போன் மேப்பில் சர்வே கோடு என் வீட்டு அடுப்படி நடுவில் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் காட்டி மிரட்டுகிறார்.

மிரட்டட்டும். செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்ட கோடு வழி கண்டுபிடிக்க உதவும், எல்லை காட்டாது. இரண்டையும் பொருத்தும்போது சில மீட்டர் தள்ளிப்போவது சகஜம். புலப்படத்தில் (ஒரு சர்வே எண்ணுக்கு அரசு அளந்து போட்ட படம்) உள்ள அளவை எல்லைக்கல்லிலிருந்து பிடித்து வந்தால்தான் பேச்சு.

அவிநாசிக்கு வடக்கே இருந்து ஒரு அம்மிணி: எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியை மேல்புறத்துக்காரர் கம்பி கட்டி அடைத்துவிட்டார். "புலப்படத்தில் இட்டேரியே இல்லை, காட்டு பார்க்கலாம்" என்கிறார். எங்கள் மாமனார் காலத்திலிருந்து வண்டி போகிற தடமுங்க அது.

அம்மிணி, முதலில் கிராம வரைபடத்தைப் பாருங்கள். புலப்படம் ஒரே ஒரு சர்வே எண்ணைத்தான் காட்டும். இட்டேரி இரண்டு சர்வே எண்களுக்கு நடுவில் தனி எண்ணாக இருந்தால், உங்கள் எண்ணின் படத்தில் அது வராமல் போகலாம். தனி எண் இருந்து, 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்றும் இருந்தால் அது அவர் நிலமே இல்லை. தாசில்தாரிடம் ஆக்கிரமிப்பு மனு போதும்.

அப்படி இல்லாமல் தடம் அவருடைய பட்டா நிலத்துக்குள்ளேயே போகிறது என்றால் வேலை கொஞ்சம் கூடுதல். சில புலப்படங்களில் வண்டித்தடத்தைப் புள்ளிக் கோட்டில் போட்டிருப்போம். அளக்கப் போன அன்றைக்கு அங்கே தடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. யாருக்கு நடக்க உரிமை என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது உங்கள் பத்திரம். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் "மாமூல் வண்டித்தட பாத்தியம் சகிதம்" (வழக்கமான வண்டித்தட உரிமையோடு சேர்த்து) என்று ஒரு வரி ஓடும், உங்கள் பத்திரத்தில் மட்டுமல்ல, அவருடைய பத்திரத்திலும் தேடுங்கள். அவர் வாங்கும்போதே "தடம் நீக்கி" என்று எழுதியிருந்தால் அவர் வாயை அவர் பத்திரமே அடைத்துவிடும்.

இரண்டிலும் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகவே போய்வந்திருந்தால் அது பாத்தியமாகிவிடும். ஒரே நிலத்தைப் பிரித்ததில் உங்கள் பாகத்துக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால் அவசியத்தின் பேரிலும் கேட்கலாம். ஒரு யோசனை: கம்பியைப் பிடுங்கி எறியாதீர்கள். அடைத்த இடத்தையும், இரண்டு பக்கமும் நிற்கிற பழைய கிளுவை வேலியையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். இருபுறமும் வேலி வைத்து நடுவில் பதினைந்து அடி விட்டிருப்பதை யாரும் ஆடு மேய்க்க விட்டது என்று சொல்ல முடியாது.

கோபியிலிருந்து ஒரு தம்பி: பக்கத்துக்காரர் மனு போட்டு சர்வேயர் வந்து அளந்தார். எங்கள் வேலிக்கு உள்ளே ஆறடி தள்ளிக் கல் நட்டுவிட்டார்கள். இது இறுதியா?

இல்லை தம்பி. மனு போட்டு எல்லை அளப்பது தீர்ப்பு அல்ல. ஏற்கெனவே உள்ள படத்தை நிலத்தில் காட்டுவது, அவ்வளவுதான். 1923-ஆம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி முழுமையாக அளந்து, அறிவிப்பு வெளியிட்டு முடித்த சர்வேதான் எல்லையைப் பொறுத்தவரை முடிந்த முடிவு. அதையும் எதிர்த்து மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போக அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது.

எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள் என்று கேட்டீர்களா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒருமுறை நானே ஒரு ஊரில் மூன்று தரம் அளந்தும் கணக்கு நாலு அடி உதைத்தது. மத்தியானம் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனால், ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்த கல்லில் அம்புக்குறி! டிராக்டர் ஓட்டும்போது பிடுங்கி வந்த எல்லைக்கல். அந்த இடத்தில் யாரோ குத்துமதிப்பாக வேறொரு கல்லை நட்டு வைத்திருக்க, நான் அதை நம்பி அளந்திருக்கிறேன். அதற்கப்புறம் மூன்று கல்லாவது ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நான் டேப் பிரித்ததில்லை. (சர்வே கல்லைப் பிடுங்குவது ஒரு வருடம் வரை சிறை வைக்கக்கூடிய குற்றம். துவைத்த அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.)

பழைய படங்களில் அளவு மீட்டரில் இருக்காது, லிங்க் கணக்கு. 66 அடி ஒரு சங்கிலி, அதில் 100 லிங்க். லிங்க்கை அடி என்று நினைத்து அளந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பும். மறு அளவைக்கு மனு போடுங்கள், நோட்டீஸ் வந்தால் கட்டாயம் கூட நில்லுங்கள். கோர்ட்டுக்குப் போனால் கமிஷனர் நியமிக்கக் கேட்கலாம், அவர் அரசு சர்வேயரை வைத்து அளந்து படத்தோடு அறிக்கை தருவார். இன்னொன்று: வேலி 12 வருடத்துக்கு மேலாக அதே இடத்தில் இருக்கிறதா? நிலம் அவருடையதுதான் என்று படம் காட்டினாலும், அவர் உரிமையை மறுத்து, அவருக்குத் தெரியும்படி நீங்கள் அனுபவித்து வந்திருந்தால் அனுபவ பாத்தியம் பேச இடம் உண்டு. நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

தாராபுரத்திலிருந்து: கிரயப் பத்திரத்தில் வரைபடம் வைப்பது அவசியமா?

உட்பிரிவில் ஒரு பகுதியை மட்டும் வாங்கும்போது வைத்தே தீர வேண்டும் என்பேன். பதிவுச் சட்டப்படி பத்திரத்தில் படம் இருந்தால் அதன் உண்மை நகலும் சேர்த்துத் தர வேண்டும். படத்தில் வடக்கு எது என்று அம்புக்குறி போடுங்கள். படத்தில் கிழமேல் 60 அடி என்றும் சொத்து விவரத்தில் தென்வடல் 60 அடி என்றும் இருக்கிற பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் படமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

சர்வே எண் தப்பாக விழுந்தால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 160 என்று இருக்க வேண்டிய மனை எண் 1060 என்று விழுந்த ஒரு வழக்கு 1961-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்ற விவரங்களை வைத்து இடம் இன்னதுதான் என்று தெரிகிறபோது அது வெறும் எழுத்துப் பிழை என்று தீர்ப்பானது. ஆனாலும் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிவிடுங்கள்.

பெருந்துறையிலிருந்து: எங்கள் பழைய பத்திரத்தில் "இன்னார் காட்டுக்கும் மேற்கு" என்று இருக்கிறது. அப்படியானால் அவர் காடு எங்களுக்கு மேற்கே இருக்கிறதா?

கிழக்கே! உங்கள் நிலம் அவர் காட்டுக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். நாலு எல்லையையும் இப்படிச் சொல்லி "இதன் மத்தியில்" என்று முடிப்பார்கள். புதுப் பத்திரம் எழுதும்போது "மேற்கில் இன்னார் காடு" என்று மாற்றிவிட்டு, நாலு திசையையும் தலைகீழாக்கியவர்கள் இருக்கிறார்கள். பழைய வாசகத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

உடுமலையிலிருந்து: கிணறு அண்ணன் உட்பிரிவுக்குள் வட்டமாகக் காட்டியிருக்கிறது. எனக்குப் பாதி இல்லை என்கிறார்.

வட்டம் கிணறு இருக்கிற இடத்தைத்தான் சொல்லும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றில் பாதி, மோட்டார் வைக்க, முறை வைத்துத் தண்ணீர் எடுக்க என்று இருந்தால் பாதி உங்களுடையது.

பெருந்துறைக்காரர் மறுபடியும்: நீங்களே ஒரு நாள் வந்து அளந்து ஒரு படம் போட்டுக் கொடுத்தால் பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்வார். செலவு என்னுடையதுங்க.

சாப்பிட வேண்டுமானால் வருகிறேன். 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு அரசு போட்ட படத்தைச் சரியானது என்று கோர்ட் அனுமானிக்கச் சொன்னது. வழக்குக்கென்றே போட்ட படமானால் சரி என்று நிரூபித்தாக வேண்டும். 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். நான் பணியில் இருந்தபோது நகலெடுத்துக் கொடுத்த படத்தைக் கோர்ட் அப்படியே எடுத்துக்கொள்ளும். இப்போது நான் அதே டேப்பை வைத்து அளந்தாலும் அது உங்கள் தரப்புப் படம், ஒவ்வொரு கோட்டுக்கும் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். இ-சேவை மையத்தில் மனு போடுங்கள்.