பதினொன்றாம் வகுப்பில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் இருக்கிறோம். மகன் வரும் ஆகஸ்ட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. நானும் கணவரும் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் பார்த்துச் சேர்ந்தவர்கள். இங்குள்ள முறை பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் பலர் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தனி ஆலோசகர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், மகன், பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கிறான். இந்த ஒரு வருடத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் படித்த காலத்தில் கட்-ஆஃப் வந்த அன்றே பாதிக் கதை முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதனால் பதினொன்றாம் வகுப்பு வந்ததும் தேர்வுப் பயிற்சி, கட்டுரை, தன்னார்வப் பணி, கல்லூரிச் சுற்றுலா என எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் ஆரம்பித்துப் பிள்ளையையும் திணறடித்துவிடுகிறோம். எது வந்தாலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதை அடுத்த கோடை விடுமுறையில் செய்ய முடியுமா? முடியும் என்றால் இப்போது விட்டுவிடலாம். விண்ணப்பக் கட்டுரை அப்படிப்பட்டது. மதிப்பெண் அப்படியல்ல.

டெக்சஸில் இருப்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். 1997-ல் வந்த மாநிலச் சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் தனி வரம்பு. பல வருடம் 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதம் ஆனது. அதாவது 700 பேர் படிக்கும் வகுப்பில் முதல் 35 பேர். உங்கள் மகனின் ஆண்டுக்கு என்ன வரம்பு என்பதை அவன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே, செப்டம்பரில், பல்கலைக்கழகம் அறிவித்துவிடும். அதைப் பார்த்து வையுங்கள். விண்ணப்பத்தோடு பெரும்பாலும் போவது பதினொன்றாம் வகுப்பு முடிவில் கணக்கிட்ட ரேங்க்தான். பன்னிரண்டில் விழுந்து விழுந்து படித்தாலும் அதற்குள் விண்ணப்பம் போய்விட்டிருக்கும்.

இதில் நம்மவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே, கேட்ட பாடப்பிரிவு அல்ல. ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மொத்த விண்ணப்பத்தையும் தனியாக எடை போடுவார்கள். முதல் 5 சதவீதத்தில் வந்தும் வேறு பிரிவில் இடம் கிடைத்து, வீட்டில் யாரும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாத கதைகள் டல்லாஸ் பக்கம் நிறைய உண்டு. ‘உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்திலும் அப்படி மாறுவது மிகக் கடினம்.

அதனால் பாடத் தேர்வில் கவனம் வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்கும் வகையில் கணக்குப் பாதை அமைந்திருக்கிறதா? எந்தெந்தப் பாடங்கள் ரேங்க் கணக்கில் சேரும், ஏ.பி. எனப்படும் கல்லூரித் தர வகுப்புக்குக் கூடுதல் மதிப்பு எவ்வளவு? பின்னதைப் பள்ளியின் கவுன்சலரிடம்தான் கேட்க வேண்டும், மாவட்டத்துக்கு மாவட்டம் விதி வேறு. எத்தனை ஏ.பி. எடுப்பது என்று என்னைக் கேட்டால், அவன் இரவு பதினொரு மணிக்காவது தூங்க முடிகிற எண்ணிக்கை. ஆறு எடுத்து இரண்டில் சி வாங்குவதைவிட நான்கை உருப்படியாகப் படிப்பது மேல்.

அடுத்து ஆசிரியர்கள். இதையும் பின்னால் செய்ய முடியாது. பல தனியார் கல்லூரிகள் இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். பதினொன்றில் முக்கியப் பாடம் எடுத்தவர்களாக இருப்பது நல்லது. மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி. போன்ற இடங்களில் ஒருவர் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர், மற்றவர் மொழி, வரலாறு போன்ற பாடம் எடுப்பவர். நம் பிள்ளைகள் கணக்கு ஆசிரியரிடம் ஒட்டிக்கொள்வார்கள், ஆங்கில வகுப்பில் வாய் திறக்க மாட்டார்கள். அக்டோபரிலேயே இதைச் சொல்லிவையுங்கள். கடிதம் கேட்பது மே மாதத்தில், நேரில், அவனே. ‘மிஸ், நான் வரலாற்றுக் கட்டுரையை மூன்று முறை திருத்தி எழுதினேனே, அதைப் பற்றி எழுத முடியுமா?’ என்று கேட்டால் ஆசிரியருக்கு எழுத ஒரு விஷயம் கிடைக்கும். ‘எனக்கு ஒரு லெட்டர் வேணும்’ என்று மட்டும் கேட்டால், ‘நல்ல மாணவன், கடின உழைப்பாளி’ என்ற வரிதான் வரும்.

தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபரில் பள்ளியிலேயே பி.எஸ்.ஏ.டி. எழுதுவான், அது எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டத் தேர்வு. நேஷனல் மெரிட் உதவித்தொகைத் தேர்வுக்குப் பதினொன்றாம் வகுப்பில் எழுதுவதுதான் கணக்கு. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு இப்போது முழுக்கக் கணினியில், 2 மணி 14 நிமிடம். அந்தத் தேர்வுக்கான புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியில் பயிற்சியும் இலவசம். மார்ச்சில் ஒரு முறை, மே அல்லது ஜூனில் ஒரு முறை எழுதினால் போதும். ஆகஸ்ட் தேதியைத் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்டின், ஹார்வர்டு, எம்.ஐ.டி. எல்லாம் மறுபடியும் தேர்வு மதிப்பெண் கேட்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அனுப்பினாலும் பார்க்காது.

பாடம் தாண்டிய செயல்பாடுகளில் புதிதாக ஒன்றையும் தொடங்க வேண்டாம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்து செயல்பாடுகளுக்கு இடம், ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள் மட்டும். ‘தமிழ்ப் பள்ளியில் உதவினேன்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘சனிக்கிழமைதோறும் ஏழு வயதுக் குழந்தைகள் 12 பேருக்கு உயிர்மெய் எழுத்து சொல்லிக்கொடுத்தேன்; அதற்கு ஒரு விளையாட்டுச் செயலி எழுதினேன்’ என்றால் பையன் யாரென்று தெரிகிறது. பதினொன்றாம் வகுப்பில் அவசரமாகத் தொடங்கப்படும் தொண்டு நிறுவனங்களை, விண்ணப்பத்தை வாசிப்பவர்கள் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே செய்வதில் கொஞ்சம் பொறுப்பு கூடினால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை: எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. நண்பன் கடையில் பகுதிநேர வேலைக்குப் போகிறான் என்பதற்காகவோ, ஊதியம் தரும் கோடைப் பயிற்சி கிடைத்தது என்பதற்காகவோ அனுப்பிவிடாதீர்கள்.

சரி, பணம். இதை வசந்த காலத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள், பையனையும் வைத்துக்கொண்டு. மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் எச்-4 மாணவர்களுக்குக் கிடையாது. டெக்சஸில் எச்-4 குடும்பம் மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்பதை நிரூபித்தால் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெற வழி இருக்கிறது; விண்ணப்பத்தில் குடியிருப்புக் கேள்விகளைப் பொறுமையாக நிரப்ப வேண்டும். தனியார் கல்லூரிகள் பல, உதவித்தொகை விஷயத்தில் இவனை வெளிநாட்டு மாணவனாகவே வைத்துப் பார்க்கும். வசதியைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கும் இடங்கள் மிகக் குறைவு: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆமர்ஸ்ட், டார்ட்மத் போன்றவை. பட்டியல் போடும் முன் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் உள்ள நிகரச் செலவுக் கணிப்பானைத் தட்டிப் பாருங்கள். ஆனால் அது பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்கான கணக்கு, அதனால் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டும் கேளுங்கள். 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். படிப்பின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கலாம். குடிவரவு வழக்கறிஞரிடம் இதை இப்போதே ஒரு முறை கேட்டு வைப்பது, கட்டுரைப் பயிற்சிக்குச் செலவழிப்பதைவிட உபயோகம்.

ஆலோசகர் தேவையா என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேலே சொன்னவற்றில் விசாவைத் தவிர மற்றதற்கெல்லாம் பள்ளிக் கவுன்சலரே போதும். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று கூகுளில் தேடுங்கள். அந்தக் கல்லூரி ரேங்க், தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை ஆகியவற்றுக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்று சி-7 பகுதியில் அட்டவணையாகவே போட்டிருக்கும். பல ஆலோசகர்கள் முதல் சந்திப்பில் காட்டும் தாள் அதுதான். ‘ஐவி லீக் நிச்சயம்’ என்று சொல்பவரிடம் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். பிறகும் ஆள் வேண்டும் என்று தோன்றினால், ஜூன் மாதம் பள்ளி முடிந்தபின், கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்ளுங்கள். காமன் ஆப் ஆகஸ்ட் 1-ல் திறக்கும், முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள். ஆஸ்டினுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் கெடு அக்டோபர் நடுவில் வருவதால், கட்டுரை வேலையை ஜூலையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.