பிரசவ வலிக்கு டென்ஸ் மெஷின் நிஜமாகவே உதவுமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், 34 வாரம் ஆகிறது, தலைப்பிரசவம். எபிடியூரல் (முதுகு வழியாகச் செலுத்தும் மரப்பு மருந்து) இல்லாமல் சமாளிக்க ஆசை. டென்ஸ் மெஷின் வாங்கலாமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

பதில்:

காசுக்குப் பிடித்த கேடு இல்லை. ஆனால் எபிடியூரலுக்கு மாற்று என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். வீட்டிலேயே கழிந்த முதல் பல மணி நேரத்துக்கு எனக்கு அது பெரிய துணை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மணி நேரத்தில் நானே பிய்த்துப் போட்டேன்.

நம் ஊரில் முட்டிவலி, இடுப்புவலி என்று பிசியோதெரபிக்குப் போனால் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, டென்ஸும் ஏறக்குறைய அதே சமாச்சாரம்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டப்பா, இரண்டு ஜோடி ஒயர், முதுகில் ஒட்ட நான்கு பேட். பிரசவத்துக்கென்றே விற்கும் மெஷினில் கூடுதலாக பூஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். வலி ஏறும்போது அமுக்கினால் கரண்ட் ஒரேயடியாகப் பலமாக வரும். வலி இறங்கியதும் திரும்ப அமுக்கினால் விட்டுவிட்டுத் துடிக்கும் மெல்லிய கரண்டுக்கு வந்துவிடும்.

முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் உடனே பரபரவென்று தேய்க்கிறோம், கொஞ்சம் ஆறுகிறது அல்லவா? தேய்க்கிற உணர்வு தண்டுவடத்துக்கு முந்திக்கொண்டு போய் வலிக்கு வழி விடாமல் கதவைச் சாத்துகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் ஒரு கொள்கை சொன்னார்கள். டென்ஸ் வேலை செய்வதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் அதுதான். உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபினையும் இது தூண்டும் என்பார்கள். கரண்டால் வலியைத் தணிக்கும் யோசனை மட்டும் ரொம்பப் பழசு. முதல் நூற்றாண்டு ரோமில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் தலைவலிக்கு ஷாக் அடிக்கும் திருக்கை மீனை உயிரோடு நெற்றியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். நமக்கு பேட்டரியோடு போயிற்று.

என் கதைக்கு வருகிறேன். இங்கே ஈஸ்ட் ஹாமில் தெரிந்த ஒரு அக்காவிடம் 15 பவுண்டுக்கு மெஷினை வாங்கி, பேட் மட்டும் புதிதாக வாங்கினேன். ஒருவர் ஒட்டிய பேடை இன்னொருவர் ஒட்டக் கூடாது, பசையும் போய்விடும். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு இடுப்பில் பிடித்தது. பிரசவம் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்மா, "சூட்டு வலியா இருக்கும் கண்ணு" என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலி என்றால் அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. உடனே விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி இடுப்பு முழுக்கத் தேய்த்துவிட்டார். சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் பேடை ஒட்டினால் ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. நடு ராத்திரியில் என் கணவர் சோப்புத் துணியால் துடைத்து, துண்டால் ஒற்றி எடுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஆகவே முதுகில் எண்ணெய், லோஷன் எதுவும் வேண்டாம். முதுகெலும்பின் மேல் ஒட்டாமல் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். மேல் ஜோடி பிரா பட்டைக்குச் சற்றுக் கீழே, கீழ் ஜோடி பின்பக்கம் இரண்டு குழி விழும் இடத்தில். நம் கை எட்டாது, ஒட்டப்போகிறவர் முன்கூட்டியே ஒரு தடவை பழகிக்கொள்ளட்டும். ஆனால் 37 வாரம் முடிவதற்கு முன் கரண்ட் போட்டுப் பழக வேண்டாம்.

கரண்ட் எப்படி இருக்கும் என்றால், மரத்துப்போன காலுக்கு உணர்வு திரும்பும்போது ஒரு குறுகுறுப்பு வருமே, அதுதான். இடுப்பு வலியை அது எடுத்துவிடவில்லை. வலிக்கு மேலே இன்னொரு சத்தமான உணர்வைப் போட்டு மூடியது. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய உதவி அந்த பட்டன். வலி வருவது தெரிந்ததும் அமுக்க வேண்டும், போனதும் அமுக்க வேண்டும் என்று கைக்கு ஒரு வேலை கிடைத்தது. அதனால் பட்டனை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். என் கணவர் உதவுகிறேன் என்று வலி இல்லாத நேரத்தில் பூஸ்டை அமுக்கிவிட, நான் துள்ளிய துள்ளலில் அம்மா, "மாப்ள, அந்தக் கரண்ட நிறுத்திப்போடுங்க" என்று சத்தம் போட்டார்.

விடிகாலையில் அம்மா இடுப்புக்கு ஊற்ற வெந்நீர் போட்டுவிட்டார். அங்கேதான் சிக்கல். தண்ணீரும் டென்ஸும் சேராது. குளிக்கவோ, தொட்டியில் இறங்கவோ, தண்ணீர்த் தொட்டியிலேயே பிரசவிக்கும் வாட்டர் பர்த்துக்குப் போகவோ, மெஷினை அணைத்துக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கழற்றி, வெந்நீர் ஊற்றி, துடைத்துத் திரும்ப ஒட்டினோம். உண்மையைச் சொன்னால் வெந்நீர் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் அத்தனை மணி நேரமும் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்க முடியாதே.

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி போனபோது கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருந்தது. குழந்தையின் முதுகு என் முதுகுப் பக்கமாகத் திரும்பியிருப்பதாக மிட்வைஃப் சொன்னார், அதனால்தான் வலி அத்தனையும் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு பூஸ்டை முழுசாக வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒயர்கள்தான் எரிச்சலாக இருந்தன. கழற்றிப் போட்டுவிட்டு கேஸ் அண்ட் ஏருக்குப் போனேன், அதாவது மூச்சில் இழுக்கும் வாயு, பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். மாலை ஆறு மணிக்கு எபிடியூரலும் போட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. எபிடியூரல் போடும் இடமும் முதுகுதான் என்பதால் எப்படியும் அப்போது பேடுகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2009 ஆய்வுத் தொகுப்பில் 19 ஆய்வுகள், 1671 பெண்கள். டென்ஸ் வைத்தவர்கள், வைக்காதவர்கள் சொன்ன வலி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் வைத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த பிரசவத்துக்கும் வைத்துக்கொள்வோம் என்றார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, நானும் அதே கட்சிதான். இங்கே மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பின் 2014 வழிகாட்டி, வலி முழுவீச்சில் வந்துவிட்டவர்களுக்கு டென்ஸைத் தர வேண்டாம் என்றது. இங்கத்திய அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ், ஆரம்பக் கட்டத்தில், அதுவும் இடுப்பு வலிக்கு, உதவக்கூடும் என்கிறது. என் அனுபவமும் இதே கணக்குதான். வலி தாங்க முடியாமல் போகட்டும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் மெஷின் பெட்டியிலேயே இருக்கும்.

பேஸ்மேக்கர் இருந்தால் கூடவே கூடாது. வலிப்பு நோயோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். வயிற்றில் ஒட்டக் கூடாது, முதுகு மட்டும்தான். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவியில் சில நேரம் குறுக்கிடும், அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள். கழற்றும்போதும் முதலில் மெஷினை அணைத்துவிட்டு அப்புறம் பேடைத் தொடுங்கள். மாற்று பேட்டரி ஒரு செட் ஆஸ்பத்திரிப் பையில் போட்டு வையுங்கள்.

இரண்டாவது பிரசவத்துக்கும் பேட் எல்லாம் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். அவள் வலி பிடித்த மூன்று மணி நேரத்தில் பிறந்துவிட்டாள். பேட் பாக்கெட் பிரிக்காமலே இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், மெஷினோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போகலாம்.