கடலுக்குப் போனது யார் வீட்டுப் பிள்ளைங்க?

கேள்வி: 18-ம் நூற்றாண்டு ரஷ்யக் கடற்படையில ஆபீசர் ஆகணும்னா பெரிய பிரபு வீட்டுல பொறந்திருக்கணுமா? சாதாரண வீட்டுப் பசங்களுக்கு வழியே இல்லையா? (விருதுநகர் வாசகி)

பதில்: பிரபு வம்சம் வரைக்கும் சரிதாங்க, ஆனா 'பெரிய' பிரபுங்கிறது பொருந்தாது. காசும் சிபாரிசும் இருக்கிற வீட்டுல பையனை தலைநகர் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த கார்ட்ஸ் ரெஜிமென்ட்ல, அதாவது அரச காவல் படையில, சேர்க்கத்தான் பார்ப்பாங்க, அரண்மனை பக்கத்துலயே இருக்கு, யார் கண்ணுலயாவது பட்டா மளமளன்னு மேல போயிடலாம். கப்பல்ல என்ன இருக்கு, பால்டிக் குளிரும் வாந்தியும்தான். அதனால கடலுக்கு வந்தது பெரும்பாலும் பேர்ல மட்டும் பிரபுவா இருந்த கிராமத்துக் குடும்பங்களோட பிள்ளைங்க. அட்மிரல் உஷாகோவ் அப்படித்தான், 1745-ல யாரோஸ்லாவ்ல் பக்கம் புர்னகோவோங்கிற சின்ன ஊர்ல பொறந்து, 1761-ல கடற்படைப் பள்ளியில சேர்ந்து, அஞ்சு வருஷம் படிச்சு 1766-ல மிச்மன், அதாவது அடிமட்ட ஆபீசர் ஆனார். முழு அட்மிரல் ஆகும்போது வருஷம் 1799.

சாதாரண வீட்டுப் பசங்க கதைதான் எனக்கு மனசு ஆறல. ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1701-ல மாஸ்கோவுல சுகரெவ் கோபுரத்துல கணக்கும் கப்பலோட்டமும் சொல்லித்தர பள்ளி திறந்தப்போ பண்ணையடிமைங்களைத் தவிர மத்த எல்லார் பிள்ளைங்களையும் சேர்த்துக்கிட்டாங்க. 1715-ல பீட்டர்ஸ்பர்க்ல கடற்படை அகாடமி வந்தப்போ அவர் போட்ட உத்தரவைக் கேளுங்க: ஒவ்வொரு வகுப்புலயும் ரிட்டையர் ஆன கார்ட்ஸ் சிப்பாய் ஒருத்தர் சவுக்கோட நிக்கணும், சேட்டை பண்றவன் எந்தக் குடும்பத்துப் பையனா இருந்தாலும் அடி விழணும். 1722-ல பதவிப் பட்டியல்னு ஒண்ணு போட்டார், மொத்தம் 14 படி, படையில கடைசிப் படி ஆபீசர் ஆனாலே அவனும் பிரபு, அவன் வாரிசும் பிரபு.

ஆனா 1752-ல பிரபு வீட்டுப் பசங்களுக்குன்னே கடற்படை ஆபீசர் பயிற்சிக்கு கேடட் பள்ளி வந்துச்சு, மாஸ்கோ பள்ளியை மூடிட்டாங்க, மத்த பசங்களை ஷ்துர்மன் வேலை, பீரங்கி வேலைன்னு தள்ளிவிட்டாங்க. ஷ்துர்மன்னா நட்சத்திரத்தையும் சூரியனையும் அளந்து கப்பல் எங்க நிக்குதுன்னு கணக்குப் போடுறவர், அவர் கணக்கு தப்பினா மொத்தக் கப்பலும் பாறையிலதான், இருந்தும் ஆபீசருங்க அவரைத் தங்களுக்குச் சமமா வச்சதில்ல, ப்ரமோஷனும் இழுத்துக்கிட்டே போகும். 1742-ல நாய் வண்டியில போய் ஆசியாவோட வடகோடி முனையைத் தொட்ட செல்யூஸ்கின்கூட ஷ்துர்மன்தான், அந்த முனைக்கு இன்னிக்கு அவர் பேர்தான்.

கேள்வி: வெளிநாட்டுக்காரங்க நிறைய இருந்தாங்களாமே? (அதே வாசகி)

பதில்: ஆமா, டென்மார்க்ல இருந்து கடலாய்வாளர் பேரிங், ஸ்காட்லாந்துல இருந்து சாமுவேல் கிரெய்க். கிரெய்க் 1764-ல வந்து சேர்ந்தார், 1770-ல துருக்கிக் கரையோரத்து செஸ்மா விரிகுடாவுல துருக்கிக் கப்பல்களை எரிச்ச ராத்திரித் தாக்குதலை நடத்தினவர், திறமைசாலி, அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா 1775-ல அவருக்கு அலெக்ஸேய்னு பையன் பொறந்ததும், அப்பா செஞ்ச சேவைக்காக தொட்டில்ல கிடந்த குழந்தைக்கே மிச்மன் பட்டம் குடுத்துட்டாங்க. உஷாகோவ் அஞ்சு வருஷம் படிச்சு வாங்கினது அதே பட்டம்தாங்க.