வாரிசு பெயரை எதற்குக் கேட்கிறார்கள்?

கேள்வி: என் கணவருக்குப் பல வருடங்களாகச் சொரியாசிஸ் என்ற தோல் நோய். புதிய களிம்பு ஒன்றின் பரிசோதனையில் சேர விருப்பமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் வாரிசு பெயர் எழுதும் கட்டத்தைப் பார்த்ததும் என் மாமியார், "என் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று அழுதுவிட்டார். சேரலாமா டாக்டர்?
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் மாமியாரின் பயம் வெறும் பயமல்ல. அமெரிக்காவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1974 வரை, தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கைதிகளின் உடம்பில் ரசாயனங்களைத் தடவிச் சோதித்தார். என்ன தடவுகிறார்கள் என்றே பலருக்குத் தெரியாது. என் துறைக்கு நேர்ந்த களங்கம் அது.

அப்படி மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் இந்தப் படிவங்கள் எல்லாம் வந்தன. பரிசோதனையால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குச் சேர வேண்டும் என்பதற்காகவே வாரிசு பெயர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சேருவதற்கு முன் பழைய மருந்தை நிறுத்தச் சொல்வார்கள்: பூசுவதைப் பொதுவாக 2 வாரம், மாத்திரையை 4 வாரம். என்னிடம் வரும் பஸ் கண்டக்டர் ஒருவருக்கு உள்ளங்கையில்தான் நோய். மருந்து பூசும்போதே சில பயணிகள், "மீதியை சீட்டில் வையுங்கள்" என்பார்களாம். நிறுத்தினால் தோல் வெடித்துச் செதில் உதிரும். "அந்த நாட்களில் எப்படி டிக்கெட் கொடுப்பேன்?" என்று கேட்டு மறுத்துவிட்டார். சரியான முடிவு. இதை அறியாமை என்று சொல்லும் மருத்துவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். கல்யாணப் பேச்சு நடக்கும் வெண்புள்ளிப் பெண்களோ படிக்காமலே கையெழுத்துப் போடத் துடிக்கிறார்கள். அவர்களைத்தான் நான் தடுத்து நிறுத்துவேன்.

படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மருந்துப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அது இருந்தாக வேண்டும். ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு தருவார்களா, எடுக்கும் புகைப்படத்தில் முகம் தெரியுமா, பஸ் செலவு யாருடையது? முக்கியமாக, களிம்பு நன்றாகக் கேட்டால், பரிசோதனை முடிந்த பிறகும் கிடைக்குமா? இதற்கெல்லாம் நேரான பதில் கிடைத்து, உங்கள் கணவருக்கும் மனம் இருந்தால் தாராளமாகச் சேரட்டும்.