இறுகிய போல்ட்டும் குலுங்கும் இன்ஜினும்

கேள்வி: என் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, குலுங்குகிறது. ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றலாமென்றால் அதன் போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து பலத்தைக் காட்டாதீர்கள், அலுமினியத்தில் இறுகிய எஃகு போல்ட் முறிந்தால் வேலை பல மடங்காகிவிடும். இன்ஜின் நன்கு ஆறிய பின் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு ஊறவிட்டு, சரியான அளவுள்ள ஆறுபட்டை சாக்கெட்டைப் பொருத்தி, முதலில் சற்றே இறுக்கும் திசையிலும் பிறகு தளர்த்தும் திசையிலும் மாறி மாறி அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

குலுங்கலுக்குக் காரணம் அறிய, காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 (P0302) என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில்தான் எரிதல் தவறுகிறது. அதன் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் பொருத்துங்கள். குறியீட்டை அழித்து ஓட்டிய பிறகு பி0303 வந்தால் காயில்தான் பழுது, இல்லையென்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை அவ்வாறே இடம் மாற்றிப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.